பாவு என்ன, ஊடை என்ன? பட்டுச் சேலை எடுக்கப் போகிறவர்களுக்கு

பட்டுச் சேலை எடுக்கக் கடைக்குள் போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி "எந்த ரேட்டுல பாக்கறீங்க?" அடுத்தது "என்ன கலருங்க?" இந்த இரண்டுக்கும் பதில் சொன்ன கையோடு மடமடவென்று இருபது சேலை விரிந்துவிடும், கூட வந்த சித்தியும் அத்தையும் ஆளுக்கொன்றைத் தோளில் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அது என்ன துணி என்று கேட்க யாருக்கும் நினைவு இருக்காது. ஆனால் சேலை இடுப்பில் நிற்குமா நழுவுமா, வேர்க்குமா, பத்து வருடம் கழித்து மடிப்பில் விட்டுப்போகுமா என்பதெல்லாம் துணியைப் பொறுத்த சங்கதி. கலரும் கரையும் அதற்குப் பிறகுதான்.

புதிதாக எடுப்பவர்கள் குழம்புவதில் தப்பே இல்லை, ஏனென்றால் கடையில் காதில் விழும் பெயர்கள் ஒரே கணக்கில் வருபவை அல்ல. மல்பெரி, டசர், எரி, முகா என்றால் எந்தப் புழுவின் நூல் என்று தெரியும். கோரா, ஸ்பன் சில்க் என்றால் நூலை எப்படித் தயார் செய்தார்கள் என்று தெரியும். க்ரேப், சாட்டின், ஆர்கன்சா எல்லாம் முறுக்கையும் நெசவையும் வைத்து வந்தவை. காஞ்சிபுரம், ஆரணி, மைசூர், சிறுமுகை ஊர்ப் பெயர்கள். சாஃப்ட் சில்க் என்பது வியாபாரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயரில் அசலும் கிடைக்கும், ஒரு இழைகூடப் பட்டு இல்லாததும் கிடைக்கும்.

அதனால் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: பாவு என்ன, ஊடை என்ன, ஜரிகை என்ன. நீளவாக்கில் ஓடுவது பாவு, நாடாவில் குறுக்கே போய் வருவது ஊடை. மயில் கழுத்து மாதிரி ரெட்டைக் கலர் சேலையில் இது கண்ணுக்கே தெரியும், பாவு பச்சையாக இருக்கும், ஊடை நீலமாக இருக்கும், ஆட்டினால் மாறி மாறி அடிக்கும். இந்த மூன்று கேள்வியைக் கேட்டாலே எதிரில் சேலை விரிப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், அதுவே பாதி லாபம்.

எதற்கு, எங்கே, எத்தனை மணி நேரம்

இதைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த விசேஷம், மண்டபம் ஏ.சி.யா இல்லையா, எத்தனை மணி நேரம் கட்டியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருடத்தில் எத்தனை தடவை அந்தச் சேலை பீரோவை விட்டு வெளியே வரும். கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நம்ம கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர் மேல் சீராக முந்தின நாளே தொடங்கிவிடும். கல்யாணப் பெண் முகூர்த்தப் பட்டில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கப் போகிறாள், கட்டிவிட ஆள் இருக்கிறது, போட்டோவில் கரை விறைப்பாகத் தெரிய வேண்டும், ஆகவே அவளுக்குக் கனமான காஞ்சிப் பட்டு சரி. இணைச்சீருக்கு நிற்கும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அதே கனத்தில் எடுத்துக் கட்டினால் சீர் முடிவதற்குள் ஓய்ந்துபோவார். பெண்ணைப் பெற்றவர் பந்திக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருப்பார், அவருக்கு அரைக் கிலோவுக்குள் அடங்கும் சாஃப்ட் சில்க்தான் என் ஓட்டு. சேலை கட்டிப் பழக்கமில்லாத காலேஜ் பெண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும் க்ரேப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க ஊக்குத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உடம்பு வாகையும் பார்க்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு விறைப்பான துணி எடுப்பாக இருக்கும்; கோரா, ஆர்கன்சா, டசர் எல்லாம் அப்படி. இடுப்புப் பக்கம் கொஞ்சம் சதை இருந்தால் அதே துணி ஊதிக் காட்டும், அவர்களுக்கு உடம்போடு படியும் க்ரேப்போ சாஃப்ட் சில்க்கோ நல்லது. உயரம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு சாண் கரை வேண்டாம், நாலு விரல் போதும்.

இன்னொன்று. பட்டெடுக்க வேன் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டு ஆட்களும் ஒட்டுக்காப் போவது நம்ம ஊர் வழக்கம், அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, போகட்டும். ஆனால் கட்டப் போகிறவர் அதற்கு முன்னாடியே, கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு வேலை நாளில், நம்பிக்கையான ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த் துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். பதினைந்து பேர் அபிப்பிராயம் சொல்லும் இடத்தில் ஊடையைப் பற்றிப் பேச முடியாது.

எந்தப் புழுவின் நூல்

வியாபாரத்துக்கு வரும் இயற்கைப் பட்டு நாலு வகை, நாலுமே இந்தியாவில் விளைகிறது. நாம் பட்டு என்று சொல்வது பெரும்பாலும் மல்பெரிப் பட்டுத்தான். உடுமலைப்பேட்டை, கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் பஸ்ஸில் போனால் மல்பெரித் தோட்டமும் அதை ஒட்டிப் புழு வளர்க்கும் மனையும் கண்ணில் படும். ஒரு கூட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒரே இழை வரும்; அந்த நீளம்தான் மல்பெரிப் பட்டின் வழவழப்புக்கும் மினுமினுப்புக்கும் காரணம். முகூர்த்தப் பட்டு, சாஃப்ட் சில்க், மைசூர் க்ரேப், பனாரஸ் எல்லாமே இந்த நூல்தான், மாறுவது முறுக்கும் நெசவும்.

டசர் காட்டுப் பட்டு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பக்கம் மருது மாதிரி மரங்களில் வளரும் புழுவிலிருந்து வருகிறது. தேன் நிறம், பழுப்பு, மங்கிய தங்கம் என்று அதற்கென்று ஒரு சொந்த நிறம் உண்டு. நூல் ஒரே சீராக இருக்காது, அங்கங்கே திட்டுத் திட்டாகத் தடித்திருக்கும், அது குறையல்ல, அதன் குணமே அதுதான். பளபளப்பு குறைவு. சொரசொரப்பு கொஞ்சம் உண்டு. மேலே கை வேலைப்பாடோ அச்சோ போட்ட டசர் ஆபீஸ் மீட்டிங்குக்கும் மாலை வரவேற்புக்கும் பிரமாதமாக இருக்கும். சம்பிரதாயமான முகூர்த்தத்துக்கு நம்ம ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்காகச் சண்டை போடவும் வேண்டாம்.

எரிப் பட்டு அசாமிலிருந்து வருவது, ஆமணக்கு இலை தின்னும் புழு. நம்ம குச்சிக்கிழங்கு இருக்கிறதே, அந்த மரவள்ளியின் இலையையும் தின்னும் என்பதால் சேலம், நாமக்கல் பக்கத்திலும் வளர்க்கிறார்கள். இந்தக் கூடு ஒரு முனையில் திறந்திருக்கும், அந்துப்பூச்சி வெளியே போன பிறகு மிச்சமிருக்கும் கூட்டைப் பஞ்சு போல நூற்கிறார்கள், அதனால் புழுவைக் கொல்லாத பட்டு வேண்டும் என்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். தொட்டால் பட்டு என்றே தோன்றாது, மெத்தென்ற நல்ல பருத்தி மாதிரி இருக்கும். குளிருக்கு இதமானது. ஊட்டி, வால்பாறைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

முகா அசாமுக்கே சொந்தம், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. இயற்கையாகவே பொன்னிறம். நாலிலும் விலை கூடியது. நம்ம பக்கத்துக் கடையில் "முகா" என்று சல்லிசாகக் கொடுத்தால் அது முகா டிசைன் போட்ட வேறு ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

பசை, முறுக்கு, இழை

ஒரே மல்பெரி நூலிலிருந்து கனமான காஞ்சிப் பட்டும் வருகிறது, காற்றில் பறக்கும் ஷிஃபானும் வருகிறது. எப்படி? புழு கூடு கட்டும்போது இழையோடு செரிசின் என்ற ஒரு பசையையும் சேர்த்தே விடுகிறது. கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுத்தால்தான் பட்டு மெதுவாகி மினுங்கும். எடுக்காமல் அப்படியே நெய்தால் அது கோரா: விறைப்பாக, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதாக இருக்கும். ஆர்கன்சாவும் இந்த வகைதான்.

அடுத்தது முறுக்கு. ஊடை நூலை வலதும் இடதுமாக மாற்றி மாற்றிக் கடுமையாக முறுக்கி நெய்தால் துணி லேசாகச் சுருங்கிக்கொண்டு மணல் மணலாக நிற்கும், அதுதான் க்ரேப். கசங்காது, உடம்போடு விழும், பெட்டியில் சுருட்டி வைத்துக்கொண்டு போனாலும் உதறிக் கட்டலாம். மைசூர் க்ரேப்புக்கு அவ்வளவு பேர் இருப்பது சும்மா இல்லை. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி இன்னும் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம்தான் என்பதால் அந்தச் சேலைகள் நம்ம பக்கத்துக்கு எப்போதுமே பழக்கம். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் இதே முறுக்கு வகையில் இன்னும் மெல்லியவை. அழகுதான், ஆனால் முதல் பட்டாக எடுக்க வேண்டாம்.

டுப்பியான் என்று ஒன்று வரும். இரண்டு புழு சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டிவிட்டால் நூல் சிக்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாக வரும், அதில் நெய்தது. ரவுக்கைக்கும் பாவாடைக்கும் அருமை. சேலையாகக் கட்டினால் நிமிர்ந்து நின்றுகொண்டு படியவே படியாது. சாட்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்றிருக்கும், வளையலோ மோதிரக் கல்லோ பட்டால் இழை இழுத்துக்கொள்ளும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் தள்ளிவிடலாம்.

இழை என்பது எத்தனை நூலை ஒன்றாகச் சேர்த்துப் பாவாகவோ ஊடையாகவோ போட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. காஞ்சிப் பட்டில் இழை கூட்டிப் போடுவார்கள், அதனால் கனம், அதனால் ஆயுள். சாஃப்ட் சில்க்கில் மெல்லிய நூலாகப் போடுவதால் கையில் எடுத்தால் எடையே தெரியாது.

நம்ம பக்கத்தில் கிடைப்பது

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானி ஆற்றோரம் இருக்கும் சிறுமுகை பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். சாஃப்ட் சில்க் பார்க்க வேண்டுமென்றால் கடைக்குப் போகும் முன் ஒரு நடை அங்கே போய்விட்டு வந்தால் நல்லது. கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கலாம், நெசவாளர் வீடுகளிலும் எடுக்கலாம். பல வீடுகளில் தங்களுக்குள் கன்னடம் பேசிக்கொள்வார்கள், நம்மிடம் கோயமுத்தூர்த் தமிழ். தறியில் பாதி நெய்த சேலை இருக்கும்போதே கேளுங்கள். "ஏனுங்ண்ணா, இதுல ஊடை எத்தனை இழைங்க?" என்றால், "பாவும் ரெண்டு, ஊடையும் ரெண்டுதானுங்க அம்மணி, ஜரிகை டெஸ்டட்டுங்க" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள் (டெஸ்டட் என்றால் என்ன என்பது கீழே ஜரிகைப் பகுதியில் வரும்). தறியிலேயே நூல் தனித்தனியாகத் தெரிவதால் பாவு, ஊடை விஷயம் அங்கே ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், எந்தக் கட்டுரையும் வேண்டாம்.

கோவை கோரா காட்டன் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம சொந்தச் சரக்கு. பட்டும் பருத்தியும் கலந்தது. முழுப் பட்டு இல்லை, ஆனால் சித்திரை வெயிலில் கோயில் விசேஷத்துக்கு நிற்கவும், டீச்சர் வேலை, பேங்க் வேலைக்குத் தினம் கட்டவும் இதைவிடப் பொருத்தமான துணி நம்ம ஊர்த் தட்பவெப்பத்துக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் விறைப்பாக நிற்கும், ரெண்டு தடவை கட்டினால் சொன்ன பேச்சுக் கேட்கும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கோராவைச் சுடுதண்ணீரில் போடக் கூடாது, அந்த விறைப்புக்குக் காரணமான பசையே கரைந்துவிடும்.

காஞ்சிப் பட்டு கொங்கு நாட்டில் நெய்வதல்ல, ஆனால் முகூர்த்தத்துக்கு எல்லாரும் அதைத்தான் தேடுகிறோம். அசல் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி ஊடை வைத்து மூன்று நாடாவில் நெய்து நெசவிலேயே கோர்த்திருப்பார்கள். உடல் ஒரு கலர், கரை முற்றிலும் வேறு கலர், சேரும் இடத்தில் பல் பல்லாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்து நீளத்துக்குத் தடவிப் பாருங்கள், மேடு தட்டும். எங்காவது நூல் விட்டிருந்தால், சுருங்கி இழுத்திருந்தால், அந்த இடத்தில்தான் பின்னாடி கிழியும். கோர்வை இல்லாத காஞ்சிப் பட்டும் நிறைய உண்டு. அதுவும் நல்ல சேலைதான், ஆனால் கோர்வை விலை கொடுக்கக் கூடாது.

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளையில் வரும் சேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கண்ணைப் பறிக்கும் டிசைன், கைக்கு அடங்கும் விலை. அங்கிருந்து வருவதில் செமி சில்க் நிறைய. செமி சில்க் என்று சொல்லி, செமி சில்க் விலையில் கொடுத்தால் தாராளமாக எடுக்கலாம், உறவுக்காரர்களுக்குச் சீர் வைக்க, கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க அதுதான் சரி. ஆர்ட் சில்க், செமி, பிளெண்டட், காட்டன் சில்க் என்ற பெயர்களைக் கேட்டதும் முழுப் பட்டு என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஜரிகை

சேலை விலையில் பெரும் பகுதி எங்கே போகிறது என்றால் இங்கேதான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் இருக்கும் அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுக்கும் ஜரிகையில் 40 சதவீதம் வெள்ளி, 35.5 சதவீதம் செம்பு, 24 சதவீதம் பட்டு, 0.5 சதவீதம் தங்கம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆக, "தங்க ஜரிகை" என்று யார் சொன்னாலும் அதில் தங்கம் பேருக்குத்தான், மதிப்பு வெள்ளியில்தான் இருக்கிறது. ஜரிகையை மார்க் கணக்கில் விற்பார்கள், ஒரு மார்க் 242 கிராம். சேலையில் எத்தனை மார்க் போயிருக்கிறது என்று கேட்டால் விலை ஏன் அவ்வளவு என்பது பிடிபட்டுவிடும்.

அதற்குக் கீழே டெஸ்டட் ஜரிகை, செம்புக் கம்பியின் மேல் முலாம். வருடம் ஆக ஆகக் கறுக்கும். அதற்கும் கீழே பாலியஸ்டர் ஜரிகை, கறுக்காது, எடை இருக்காது, திருப்பிக் கொடுத்தால் காசும் வராது. இதில் எது வேண்டும் என்பது உங்கள் இஷ்டம். அடிக்கடி கட்டும் சாஃப்ட் சில்க்குக்கு டெஸ்டட் போதும், இல்லை மெல்லிய நூல் கரையாகவே எடுக்கலாம். முகூர்த்தப் பட்டுக்கு முடிந்தால் அசல். ஜரிகை எது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னதற்கு நாளைக்குக் கணக்கில்லை.

கடையில் செய்ய வேண்டியது

முதலில் பட்டு முத்திரையைப் பாருங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் சார்பில் 2004-இல் வந்த சில்க் மார்க் இது, சேலையோடு ஒரு சீட்டாகத் தொங்கும், ஸ்கேன் செய்து பார்க்கலாம். சேலையின் நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம். ஜரிகைக்கு இல்லை, கைத்தறிதானா என்பதற்கும் இல்லை, கைத்தறிக்கு வேறு முத்திரை. முத்திரையைக் காட்டி "எல்லாமே ஒரிஜினல்ங்க" என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முத்திரை இல்லாத இடத்தில் நூலை எரித்துப் பார்ப்பதுதான் வழி. இதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சேலையின் முந்தி ஓரத்தில் குஞ்சம் கட்டாமல் தொங்கும் நூல் பாவு நூல். அதில் ரெண்டு மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே ஓரத்தில் குறுக்கே ஓடும் கடைசி நூலை ஊசியால் நெம்பினால் ஊடை வரும், அதையும் ஒரு விரல் நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாகத் தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டாக இருந்தால் நெருப்பிலிருந்து விலகிச் சுருண்டுகொண்டு மெதுவாக எரியும், தீயை எடுத்தால் தானாக அணையப் பார்க்கும், முடி கருகும் வாடை வரும், நுனியில் கறுப்பாக ஒரு சின்ன உருண்டை நிற்கும், விரலில் வைத்துத் தேய்த்தால் பொடியாகப் போய்விடும். பாலியஸ்டர் உருகும், பிளாஸ்டிக் வாடை வரும், நுனியில் கெட்டியான மணி நிற்கும், நசுக்கினாலும் உடையாது. செயற்கைப் பட்டு என்று விற்கும் விஸ்கோஸ் சரசரவென்று எரிந்து காகிதம் எரிந்த வாடை வரும். இரண்டையும் தனியாக எரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பாவு அசல் பட்டாகவும் ஊடை வேறாகவும் போட்டு நெய்த சேலைகள் சந்தையில் நிறைய, பாவை மட்டும் எரித்துவிட்டுத் திருப்தியாக வந்துவிட்டால் பாதிச் சேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

எரிக்க விட மாட்டேன் என்றால் கோபப்பட வேண்டாம், பெரிய கடைகளில் தீக்குச்சி கொளுத்தவே முடியாது. நூலை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து பாருங்கள். நூலும் தர மாட்டேன் என்றால் வேறு கடை இல்லையா என்ன?

மோதிரத்துக்குள் சேலையை நுழைத்துக் காட்டுவார்கள், கன்னத்தில் வைத்து "ஜில்லுனு இருக்குது பாருங்க" என்பார்கள். இரண்டும் வேடிக்கைக்கு ஆகும். நல்ல பாலியஸ்டர் ஷிஃபானும் மோதிரத்துக்குள் போகும், கனமான அசல் காஞ்சிப் பட்டு போகாது.

அப்புறம் நெசவு. இரண்டு கட்டை விரலையும் துணியில் ஒன்றையொன்று பார்க்க வைத்து வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். நூல் விலகிச் சந்து தெரிந்து, விட்ட பிறகும் அப்படியே நின்றால் நெசவு தளர்ந்தது. அந்தச் சேலை ஊக்குக் குத்தும் இடத்திலும் ரவுக்கைத் தையலிலும் விட்டுக்கொடுக்கும். மெல்லிய சாஃப்ட் சில்க்கில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

சேலையைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். புட்டா, அதாவது உடலில் நெய்த சின்னச் சின்னப் பூ, நிறைய இருந்தால் பின்னால் நூல் தாவித் தாவி ஓடும். நீளமாகத் தொங்கினால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டும், வெட்டிவிட்டிருந்தால் வெட்டிய முனை உறுத்தாமல் இருக்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து முந்தியின் உள்பக்கம் அழுத்தித் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பது தெரியும். அரக்கு, கத்தரிப்பூ, கருநீலம் இதில் கண்டிப்பாக. கலரைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள், வாசலுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள், நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக, தோளில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு மடிப்புக் கொசுவம் எடுத்து இடுப்பில் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து பாருங்கள். விறைப்பா, வழுக்கலா, கனமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

விலையைப் பற்றி

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுக்கொள்ளலாம். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்கக் குறைந்தது ஆறு, ஏழு கிலோ கூடு வேண்டும். சேலையில் பட்டு மட்டும் 450 கிராம் என்று வைத்துக்கொண்டால், பசை போன எடையையும் சேர்த்துக் கச்சாப் பட்டு 600 கிராம் ஆகிறது, அப்படியென்றால் கிட்டத்தட்ட நாலு கிலோ கூடு வேண்டும். அதற்கு மேல் முறுக்கு, சாயம், ஜரிகை, நெசவுக் கூலி, கடைக்காரர் லாபம். கச்சாப் பட்டு கிலோ சில ஆயிரம் ரூபாய் விற்கும்போது "பியூர் சில்க் ஆயிரத்து ஐநூறு" என்ற போர்டை நம்பலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி வரும் தள்ளுபடி உண்மையானது, அவசரமில்லை என்றால் காத்திருந்து எடுங்கள். பணம் குறைவாக இருந்தால் ஜரிகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், கரையைச் சின்னதாக்குங்கள், துணியில் மட்டும் இறங்கி வராதீர்கள்.

வாங்கி வந்த பிறகு

ஃபால்ஸ் தைக்கும் துணியைப் பட்டுக்கு ஏற்ற மாதிரி முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் தண்ணீரில் ஃபால்ஸ் சுருங்கிக் கரை சுருண்டுகொள்ளும். ஜரிகை வைத்த சேலையை முதல் தடவை டிரை கிளீனிங்தான் கொடுக்க வேண்டும். ஜரிகை இல்லாத க்ரேப், எரி, டசர் எல்லாம் வீட்டிலேயே அலசலாம், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் போதும். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், அந்த உப்பில் பட்டு மங்கிச் சொரசொரத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடென்றால் கவலையில்லை, இல்லாதவர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிழியாமல், நிழலில்.

கட்டிக் கழற்றியதும் உடனே மடித்து வைக்காமல் வேர்வை ஈரம் போக விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் போடுங்கள். சென்ட்டைச் சேலை மேல் அடிக்க வேண்டாம், ஜரிகை கறுப்பதற்கு அது ஒன்றே போதும். பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், பாச்சை உருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள்.

வைகாசி, ஆவணி, தை முகூர்த்தத்துக்கு எடுக்கிறவர்கள் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ரவுக்கையைத் தைக்கக் கொடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் எந்த டெய்லரும் சொன்ன நாளில் கொடுப்பதில்லை, போனையும் எடுப்பதில்லை.